வலது கிளட்ச்

என் அத்தான் துக்கம் விசாரிக்கப் போனால் ஒரு கண்ணால் அழுவார், இன்னொரு கண்ணால் வீட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பார். கொட்டகை எங்கே இருக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியிருப்பது என்ன, அதன் அடியில் தெரிவது டோசர் செயினா, வெறும் பழைய இரும்பா? நான் பக்கத்தில் நின்று அவர் முழங்கையைக் கிள்ளுவேன்.

"அத்தான், செத்தவர் முன்னால இருக்காரு."

"தெரியும் தாயே. சத்தம் போடாத."

அக்காவுக்கு இதில் மானம் போகும். அதனால் பாதி வீடுகளுக்கு அவள் வரமாட்டாள், என்னைத் துணைக்கு அனுப்பிவிடுவாள். ஒரு ஆண்பிள்ளை பையில் ஸ்பேனரோடு தனியாகச் சாவு வீட்டுக்குப் போனால் நன்றாகவா இருக்கும்? ஆமாம், பையில் ஸ்பேனர் இருக்கும். ஒருமுறை குனிந்து நாற்காலியை நகர்த்தும்போது அது கணீரென்று தரையில் விழுந்தது. அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் அழுகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு நடக்கிற ஆள். அவரிடம் இருப்பது ஒரு சின்னச் செயின் டோசர். முன்னால் மண்ணைத் தள்ளும் பிளேடு, சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புச் செயின், நடுவில் ஒரே ஒரு ஆள் உட்காரும் சீட்டு. அதற்குக் குள்ளன் என்று பேர் வைத்திருந்தார். பெரிய மெஷின் எல்லாம் வாசலிலேயே நின்று மூக்கை நீட்டிப் பார்க்கிற சந்துக்குள் குள்ளன் உரசாமல் போய்விடும். தோட்டத்தைச் சமப்படுத்துவது, வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டித் தள்ளுவது, மேட்டுக்கு வழி போடுவது, இதுதான் அத்தானின் பிழைப்பு. கல் உடைக்கிற இடம் ஒன்றை மூடியபோது ஏலத்தில் எடுத்தார். அந்த வருஷம்தான் அக்காவையும் கட்டினார். இரண்டில் எதற்கு அதிகம் எண்ணெய் போட்டார் என்று அக்காவைக் கேட்டால் தெரியும்.

அந்த வண்டியைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. உதிரிபாகம் என்று ஒன்று கிடையாது. நான் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் உட்காருகிறவள். கடை என் வீட்டுக்காரருடையது, வாய் என்னுடையது. எந்த ஊர்க் கடையிலிருந்து என்ன சாமான் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என்னாலேயே குள்ளனுக்குச் செயினைத் தாங்குகிற ஒரு ரோலர் வாங்கித் தர முடிந்ததில்லை. குள்ளனுக்கு ஒன்று வேண்டுமென்றால் இன்னொரு குள்ளனிடமிருந்துதான் வரவேண்டும். அதை வைத்திருக்கிறவனோ உயிரோடு இருக்கும்வரை தரமாட்டான். துருப்பிடித்துப் புல் முளைத்துக் கிடந்தாலும், "அடுத்த மாசம் சரி பண்ணி ஓட்டப் போறேன்" என்பான். அதனால்தான் சாவு வீடு.

சும்மா சொல்லக்கூடாது, தேடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பஸ்ஸில் போனால் உட்கார மாட்டார், நின்றுகொண்டு மதில்களுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கள் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போகும் வழியில் எதையோ பார்த்துவிட்டுப் பாதியில் இறங்கிக்கொண்டார். கல்யாணமெல்லாம் முடிந்து சாப்பாட்டு நேரத்துக்கு, சட்டையெல்லாம் கறையாக, ஒரு இரும்புச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். இன்னொரு முறை ஒரு பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது குள்ளனின் செயின் துண்டு என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தார். வேறொரு தண்டவாளத் துண்டைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டு, தலைமை ஆசிரியையிடம் கெஞ்சி அதை வாங்கி வந்தார். "மணியடிச்சாலும் பிள்ளைங்களுக்கு இப்ப வீட்டுக்குப் போகப் பிடிக்கலையாம், சத்தம் நல்லா இல்லையாம்" என்று அந்த அம்மா என் கடைக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

சுற்றுவட்டாரத்தில் குள்ளனுக்கு உடன்பிறப்பு என்று ஓடுகிற நிலையில் கடைசியாக மிஞ்சியது ஒன்றுதான். அது ரேடியோ அண்ணனுடையது.

வாயை மூடாத மனிதர் என்பதால் அவருக்கு அந்தப் பேர். அத்தானும் அவரும் பால்ய சிநேகிதர்கள், வாடா போடா பழக்கம். இருவர் தொழிலும் ஒன்று, வண்டியும் ஒன்று. ஆனாலும் போட்டி இல்லை. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருவர் போய் அந்த வேலையை முடித்துக் கொடுப்பார். அத்தானுக்குக் கழுகு என்று பட்டம் வைத்ததும் அவர்தான்.

"நான் செத்தா முதல்ல வர்றது இந்தக் கழுகுதான் தங்கச்சி. அழுதுக்கிட்டு வரமாட்டான், ஸ்பேனரோட வருவான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். "வரட்டும். நான் கண்ணை மூடின பிறகு எல்லாம் இவனுக்குத்தான். ஆனா நான் நல்லா மூடிட்டேனான்னு பார்த்துட்டு எடுக்கச் சொல்லு."

அத்தானும் சிரிப்பார். அப்போதெல்லாம் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

குள்ளனுக்கு வலது கிளட்ச் போனதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. இந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு பக்கச் செயினுக்கும் தனித்தனியாக ஒரு கிளட்ச், அதற்கு ஒரு லீவர். வலது லீவரை இழுத்தால் வலது செயின் நிற்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். உள்ளே ஒரு உருளையில் வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். குள்ளனின் வலது தட்டுகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. சும்மா போகும்போது ஒன்றும் தெரியாது. மண்ணைத் தள்ளத் தொடங்கினால் வலது செயின் வழுக்கும், வண்டி தானாக வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தட்டுக்காக நான் போன் பண்ணாத கடை இல்லை. அத்தான் எட்டிப் பார்க்காத கொட்டகை இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வேலை பாதியில் நின்றது. மேட்டுச் சரிவில் வரிசையாகச் சில வீடுகள். அவற்றுக்குப் பின்னால் சரிவை வெட்டிப் படியாக்கித் தரவேண்டும். சந்து குறுகல், குள்ளன் மட்டும்தான் நுழையும். வெட்டிய மண் மேலே குவிந்து கிடந்தது. அதை அப்பால் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் தள்ளப் போனால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. வலது பக்கம்தான் வீடுகள். மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. அந்தக் குவியல் அப்படியே இருந்து மழை பெய்தால், மண் நேராக யார் அடுப்படியில் இறங்கும் என்று அத்தானுக்குத் தெரியும். கடைசி வீட்டில் ஒரு தையல்காரி, நடக்க முடியாத அம்மாவோடு இருந்தாள். அத்தான் சாப்பிடும்போதெல்லாம் அந்தக் குவியலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"ரேடியோ அண்ணன் வண்டியைக் கொண்டுபோய்த் தள்ளிடலாமே" என்று அக்கா கேட்டாள். முடியாது. அந்த வண்டியின் என்ஜின் தலையைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். அதைத் திரும்ப மாட்டத் தயார் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ரேடியோ அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொட்டகையிலேயே விழுந்தார். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அவர் மனைவி இரவும் பகலும் அங்கேயே கிடந்தார். வீட்டுச் சாவியையும் கொட்டகைச் சாவியையும் அத்தானிடம் கொடுத்து, "கொஞ்சம் பார்த்துக்கங்க அண்ணே, கோழிக்குத் தீனி மட்டும் போட்டுடுங்க" என்றார்.

ஒரு நாள் காலையில் அந்த அம்மா அத்தானுக்குப் போன் பண்ணினார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் போனோம். ரேடியோ அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவ்வளவு பேசின மனிதர் வாயில் குழாயோடு அப்படிக் கிடந்ததைப் பார்த்து நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பொய் அழுகை இல்லை, அவரை எனக்குத் தெரியும். ஆனால் அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். சோப்புப் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்திருந்தார், அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. வேலை இல்லாத நாளில் இந்தக் கறுப்பு எங்கேயிருந்து வந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. சாகக் கிடக்கிறவர் முன்னால் நின்றுகொண்டு இதையா யோசிப்பது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் அத்தான் கடைக்கு வந்தார். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கேஸ்கெட் பேப்பர் இருக்கா? ரெண்டு கிளட்ச் மூடிக்கு வெட்டுற அளவுக்கு வேணும்."

டாக்டரிடம்கூடப் பொய் சொல்லித் தப்பிக்கலாம், உதிரிபாகக் கடைக்காரியிடம் முடியாது. எதைக் கழற்றியிருக்கிறான் என்பதை எதை வாங்குகிறான் என்பதே சொல்லிவிடும். ஒரு வருஷமாகத் தட்டு தட்டு என்று அரித்தெடுத்த மனிதர், தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், திரும்ப மூடும்போது வைக்கிற பேப்பரைக் கேட்கிறார். அதுவும் இரண்டு மூடிக்கு, குள்ளனுக்குப் போனதோ ஒரே கிளட்ச்.

"தட்டு எங்க கிடைச்சுது அத்தான்?"

திருதிருவென்று விழித்தார்.

"எங்க கிடைச்சுதுன்னு கேக்கறேன்."

"அவன்தான் சொன்னானே. எல்லாம் உனக்குத்தான்னு."

"கண்ணை மூடின பிறகுதானே சொன்னாரு? மூச்சு இன்னும் ஓடிக்கிட்டிருக்கே! எண்ணெய் முந்துதோ திரி முந்துதோன்னு அப்படி என்ன அவசரம்?"

"அந்த மண்ணைப் பார்த்தியா நீ? மேகத்தைப் பார்த்தியா?" என்று குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "டாக்டருங்களே முடிஞ்சுதுன்னுட்டாங்க தாயே."

"அவங்க சம்சாரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? வேண்டாம்னா சொல்லியிருப்பாங்க?"

"புருஷன் உயிருக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கறப்ப, கிளட்ச் தர்றியாம்மான்னு எந்த வாயால கேக்கறது?"

"கேக்க வாய் கூசுது. எடுக்கக் கை கூசலையா?"

அவர் கவுண்டரில் கிடந்த கத்தரியை என் பக்கம் தள்ளினார். நானும் பேப்பரை வெட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த வீடுகளை நினைத்தால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அதை ஒத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை. அந்தக் கோபத்தில் அன்று கடைக்கு வந்த எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

குள்ளன் நேராகப் போனது. அத்தான் குவியலைத் தள்ளி முடித்து, வண்டியைச் சந்திலிருந்து வெளியே எடுத்த மறுநாளே மழை அடித்து ஊற்றியது. பிடி மண்கூட வீடுகள் பக்கம் வரவில்லை. தையல்காரி தன் அம்மாவை வாசல்வரை பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தி, "இவர்தாம்மா, இவர் இல்லைன்னா நாம இல்ல" என்று காட்டினாளாம். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்துவிட்டார். பாராட்டினால் கூச்சப்படுகிற மனிதர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மழை விடுவதற்குள் ரேடியோ அண்ணன் கண்ணைத் திறந்துவிட்டார்.

போன் வந்தபோது நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா ஓவென்று சந்தோஷத்தில் கத்திவிட்டாள். அத்தானும் சிரித்தார், கண்ணீர்கூட வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் அவர் முகம் விழுந்ததை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அக்கா உள்ளே போனதும் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பிழைச்சுட்டான்னு சொன்னதும் எனக்கு முதல்ல கிளட்ச்தான் ஞாபகம் வந்துது. அவன் முகம் அப்புறம்தான் வந்துது. நான் என்ன மனுஷன், சொல்லு."

"முதல்ல அதைக் கொண்டுபோய் வையுங்க" என்று மட்டும் சொன்னேன்.

கொண்டுபோய் வைத்தார். ரேடியோ அண்ணன் ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, நர்சுகளிடம் பேசத் தொடங்குவதற்குள், குள்ளனின் சீட்டையும் மூடியையும் கழற்றி அந்தத் தட்டுகளை உருளையோடு எடுத்துத் துடைத்து, ரேடியோ அண்ணன் வண்டியில் இருந்த இடத்திலேயே மாட்டினார். நான் சும்மா இருப்பேனா?

"தேஞ்சதை அதில போட்டுட்டு நல்லதை நீங்களே வச்சுக்கலாம்னு தோணலையா அத்தான்?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"அவன் வந்ததும் முதல் வேலையா லீவரை இழுத்துப் பார்ப்பான். அதை நினைச்சேன். கை வரலை."

குள்ளன் மறுபடியும் வலது பக்கம் இழுக்கிற வண்டியாகிக் கொட்டகையில் நின்றது. அத்தானுக்குப் பாதி நிம்மதி வந்தது. மீதிப் பாதி வரவில்லை. சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பார். "எடுத்ததைத் திருப்பி வச்சாச்சு, இன்னும் என்னவாம்?" என்று அக்காவே கேட்டாள். அவளிடம் அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தார்.

ரேடியோ அண்ணன் வீடு திரும்பிய அன்று நாங்களும் போயிருந்தோம். அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ஆள் பாதியாக இளைத்துப் போயிருந்தார், வாய் மட்டும் இளைக்கவில்லை. காரிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் போகாமல், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தார்.

"படு படுன்னு சொல்றீங்களே, எனக்கு அங்க படுத்திருந்த நாளெல்லாம் ஒரே கவலை. லீவரைக் கட்டாம விழுந்துட்டேன். உள்ள தட்டெல்லாம் ஒட்டிப் போயிருக்கும்."

இது இந்த வண்டிக்காரர்கள் பழக்கம். வண்டி நாள்கணக்கில் சும்மா நிற்கப் போகிறது என்றால், இரண்டு லீவரையும் பின்னால் இழுத்து சீட்டோடு கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டினால் உள்ளே தட்டுகள் விலகி நிற்கும். கட்டாமல் விட்டால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்து, ஈரத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிப்பது பெரும்பாடு.

கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். இரண்டு லீவரும் பின்னால் இழுத்துக் கச்சிதமாகக் கட்டியிருந்தது. நீலக் கயிறு. குள்ளனைக் கட்டுகிற அதே கயிறு, அதே முடிச்சு.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாக மாட்டிவிட்டுக் கிளம்பும்போதுகூட, அந்தக் கை பழக்கத்தில் லீவரைக் கட்டிவிட்டு வந்திருக்கிறது! கட்டியதே அவருக்கு நினைவில்லை.

ரேடியோ அண்ணன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"கழுகுன்னு சொன்னேனே இவனை, என் வாயை எதால அடிக்க? எல்லாரும் என்னை எப்பத் தூக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தப்ப, இவன் வந்து என் லீவரைக் கட்டியிருக்கான் பாருங்க! நான் திரும்பி வருவேன்னு இவன் ஒருத்தன்தான் நம்பியிருக்கான்."

அக்கம்பக்கத்தார் அத்தானின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். அவர் நெளிந்துகொண்டு நின்றார். ரேடியோ அண்ணன் விடுவதாக இல்லை.

"இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. அங்க கண்ணைத் திறக்க முடியாமக் கிடந்தேன், ஆனா காது கேட்டுது, மூக்கு வேலை செஞ்சுது. எல்லாரும் வந்து கையைப் பிடிச்சாங்க. எல்லாக் கையிலயும் மருந்து வாசனை, சோப்பு வாசனை. இவன் ஒருத்தன் கையில மட்டும் என் கொட்டகை வாசனை. பழைய கிரீஸும் கிளட்ச் தூளும். அடே, இன்னும் இந்த வாசனையெல்லாம் உலகத்துல இருக்கேன்னு தோணுச்சு. எழுந்து போய் வண்டியை ஒரு தடவை ஓட்டிடணும்னு வெறி வந்துது. சத்தியமாச் சொல்றேன், அதுதான் என்னை இழுத்துக்கிட்டு வந்துது."

அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, உங்களை மறக்க மாட்டேன்" என்று அத்தானைக் கும்பிட்டார். பிறகு எல்லோருக்கும் குடிக்க ஏதாவது எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குள் போனார். அக்காவும் கூடப் போனாள், கூட்டமும் மெல்லக் கலைந்தது. கொட்டகையில் அவர்கள் இருவரும், கதவோரம் நானும் நின்றோம்.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கணத்தில் நானே அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். நல்லவர் என்று ஊர் சொல்லிவிட்டது, பொருள் இருந்த இடத்தில் இருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்? வாயைத் திறக்காதீங்க அத்தான் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது உன் வண்டி வாசனைதான்டா."

"என்ன?"

"என் கையில அடிச்ச வாசனை. உன் வலது கிளட்ச். அன்னைக்குக் காலையில டாக்டர் கையை விரிச்சுட்டாங்கன்னு போன் வந்துது. நேரா இங்க வந்து கழட்டினேன். கழட்டி என் வண்டியில வச்சுட்டு, கையைக் கழுவிட்டுத்தான் உன்னைப் பார்க்க வந்தேன். அப்புறம் நீ பிழைச்சுட்டேன்னு தெரிஞ்சதும் கொண்டுவந்து மாட்டினேன். கயிறு அப்பக் கட்டினது."

ரேடியோ அண்ணன் முடிச்சைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், அத்தானின் கையைப் பார்த்தார். கடைசியில் கையை நீட்டி ஒரே வார்த்தை சொன்னார்.

"சாவி."

அத்தான் மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். வீட்டுச் சாவி, கொட்டகைச் சாவி, கோழிக்கூட்டுச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இருந்தன. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். "சொன்னது தப்பா? எடுத்தது ஒரு தப்பு, சொன்னது இன்னொரு தப்பா?"

அதற்குப் பிறகு பல வாரம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ரேடியோ அண்ணனின் மனைவி என் கடைக்கு வந்து, "என்ன நடந்துதுன்னு சொல்ல மாட்டேங்கறாரும்மா. வீட்டுல சத்தமே இல்ல. எப்படா வாயை மூடுவாருன்னு வேண்டாத நாள் இல்ல, இப்ப பயமா இருக்கு" என்றார். நான் சாமான் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அத்தான் வேலைக்குப் போகவில்லை. சாவு வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். தூரத்து ஊரில் குள்ளனைப் போல ஒரு வண்டியின் சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்று நான் விசாரித்துச் சொன்னபோது, "வேண்டாம் தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள் ரேடியோ அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று நின்று, என் கடைப் படியேறினார்.

"கேஸ்கெட் பேப்பர் கொடு தங்கச்சி. ஒரு கிளட்ச் மூடிக்கு" என்றார். நான் பேப்பரை எடுத்தேன். "உன் அத்தானை வரச்சொல்லு. நீயும் வா. எனக்கு ஒரு சாட்சி வேணும்."

அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார், கையில் ஸ்பேனர். அத்தான் வழக்கம்போல அதை வாங்கக் கையை நீட்டினார்.

"தொடாத. நான் கழட்டறேன். நீ நின்னு பாரு."

அன்று சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் சிலவற்றை மட்டும்தான் அவரால் கழற்ற முடிந்தது. மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டார். மறுநாள் வரச் சொன்னார். இப்படியே ஒவ்வொரு நாளும். டாக்டர் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்றிருந்தார். அதனால் அவர் போல்ட்டைத் தளர்த்துவார், நெற்றி வியர்வையைத் துடைப்பார், கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவார். அத்தான் எதிரே கைகட்டிக்கொண்டு நிற்பார். ஒரு போல்ட் துருப்பிடித்துத் திரும்பவே மாட்டேன் என்றபோது அத்தானின் விரல்கள் தானாக அசைந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. "போதும் அண்ணே, ரெண்டு பேரும் சாகப் போறீங்களா?" என்று நான் கத்தினேன். என்னை யார் மதித்தார்கள்! இருவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே எத்தனையோ சாயங்காலங்கள் போயின.

கடைசியில் மூடி திறந்தது. தட்டுகளும் அவை உட்கார்ந்திருந்த உருளையும் ஒன்றாகக் கழன்றன. ரேடியோ அண்ணன் எழுந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே இதை நான் ஓட்டப் போறதில்ல. டாக்டர் சொல்லிட்டாரு, எனக்கும் தெரியும். அதனால கொடுக்கறேன். கண்ணை மூடாமத்தான் கொடுக்கறேன், பார்த்துக்க தங்கச்சி." பிறகு அத்தானைப் பார்த்தார். "தூக்கு."

அத்தான் குனிந்து அதை உள்ளேயிருந்து எடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சட்டையெல்லாம் கறுப்பானது.

"கனமா இருக்கா?" என்று கேட்டார் ரேடியோ அண்ணன்.

"இருக்குடா."

"அன்னைக்கு?"

அத்தானுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் அதைத்தான் பிடித்திருந்தார்.

"அன்னைக்கு ஒண்ணும் தெரியலைடா. எடுத்துக்கிட்டு ஓடினேன்."

ரேடியோ அண்ணன் தலையை ஆட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். "அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லு கொஞ்ச நேரம்" என்றார். அத்தான் நின்றார். இறக்கி வைக்கலாம் என்று அவர் சொல்லும்வரை நின்றார்.